டாரோ கார்டு படங்களை நூலில் கொண்டுவர ஆசை, நம்ம ஊரில் அதை எங்கே வைத்துக் காட்டலாம்?

முத்தியால்பேட்டை_நிலா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு டாரோ கார்டு, அதாவது பலன் பார்க்க எடுக்கும் படச்சீட்டுக் கட்டு, ரொம்பப் பிடிக்கும், ஜோசியத்துக்காக இல்லை, படங்களுக்காக. ராத்திரி சாப்பாட்டுக் கடை முடிந்ததும் கட்டைக் கலைத்து ஒரு சீட்டை எடுத்து எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போட உட்காருவேன். கை தன் பாட்டுக்கு ஓடும், கண் படத்தில் இருக்கும். ரைடர் வெயிட் கட்டுதான் வைத்திருக்கிறேன்.

போன ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ஸ்டேட் ஃபேர் என்கிற மாநிலத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ராட்டினம், மாடு, ஆடு, டிராக்டர், எண்ணெயில் பொரித்த தீனி எல்லாம் இருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். கைவேலைக்கென்றே ஒரு கட்டடம் இருப்பதைச் சொல்லவில்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் ஸ்வெட்டர், கையுறை, குரோஷா மேசைவிரிப்பு, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த குவில்ட் என்று அடுக்கியிருந்தார்கள், ஜெயித்தவற்றின் மேல் ரிப்பன். எதுவும் விற்பனைக்கு இல்லை. வீட்டில் உட்கார்ந்து பின்னிய ஒன்றை ஊரே வந்து வரிசையில் நின்று பார்க்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறது. எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனசே இல்லை.

அன்றிலிருந்து ஒரே நினைப்புதான். டாரோ படங்கள் சிலவற்றை நூலில் போட்டு ஒரு பெரிய விரிப்பாக இணைக்க வேண்டும். எந்தச் சீட்டுகளில் ஆரம்பிக்கலாம், இந்த உப்புக்காற்றுக்கும் வேர்வைக்கும் எந்த நூல் சரிப்படும், அப்புறம் முக்கியமாக, முடித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டால் நாலு இதயம் வருகிறது, அதோடு சரி. கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து இந்த மூலையில் இழுப்பு அதிகம் என்று சொல்ல ஆள் வேண்டும். புதுச்சேரியோ கடலூரோ எதுவானாலும் சொல்லுங்கள்.

ஊசிக்காது:

நிலா, முதலில் ஒன்பது வாள் சீட்டை எடுங்கள். பெரும்பாலானவர்கள் அதில் முகத்தைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பவரையும் பின்னால் அடுக்காக நிற்கும் வாள்களையும் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்துவிடுவார்கள். நீங்கள் காலின் மேல் கிடக்கும் போர்வையைப் பாருங்கள். கட்டம் கட்டமாக இருக்கும், ரோஜாப் பூ போட்ட கட்டங்களும் ராசிக் குறி போட்ட கட்டங்களும். வரைந்தவரே நமக்கு மாதிரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ராசிக் குறிகள் வெறும் கோடுகள் என்பதால் சங்கிலித் தையலிலேயே வந்துவிடும், ரோஜாவைக் குரோஷாவில் தனியாகப் பின்னி மேலே வைத்துத் தைக்கலாம். என்னைக் கேட்டால் உங்கள் விரிப்பு முழுவதையும் அந்தப் போர்வையின் அமைப்பிலேயே போடுங்கள், வேறு எந்த வடிவமும் தேட வேண்டாம்.

அந்தக் கட்டை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். 1909ல் லண்டனில் ரைடர் கம்பெனி வெளியிட்டது, ஆர்தர் எட்வர்ட் வெயிட் கேட்டுக்கொண்டபடி 78 சீட்டுக்கும் அவரே படம் போட்டார். அதற்கு முந்தைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட 40 சின்னச் சீட்டுகளில் வெறும் கோப்பையும் வாளும் கோலும் காசும்தான் எண்ணிக்கைக்கு வரைந்திருக்கும். இவர் அவற்றில் பெரும்பாலானவற்றில் மனிதர்களையும் வீட்டையும் தோட்டத்தையும் வைத்தார். நமக்கு நூலில் போட இவ்வளவு விஷயம் கிடைப்பது அவரால்தான். ஆனால் கட்டின் பெயரில் பதிப்பித்தவரும் எழுதியவரும்தான் இருந்தார்கள், வரைந்தவர் இல்லை. பெரிய வேலை, காசு ரொம்பக் குறைவு என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இப்போதுதான் பலரும் அவர் பெயரையும் சேர்த்து ரைடர் வெயிட் ஸ்மித் என்கிறார்கள். சீட்டின் கீழ் மூலையில் அவருடைய முதலெழுத்துகளைப் பின்னிப் போட்ட ஒரு சின்ன முத்திரை இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரிப்பின் ஒரு மூலையில் அதையும் போட்டு, பக்கத்தில் உங்கள் முதலெழுத்தையும் போடுங்கள். செய்தவர் பெயர் வேலையிலேயே இருக்க வேண்டும்.

மற்ற சீட்டுகளில் பேரரசியின் அங்கியில் மாதுளை, காலடியில் கதிர். சூரியன் சீட்டில் மதிலுக்கு மேல் சூரியகாந்தி. நாலு கோல் சீட்டில் கோல்களுக்கு மேல் கட்டிய பூந்தோரணம், அது நம்ம வீட்டு விசேஷத்துக்குப் போட்ட பந்தல் மாதிரியே இருக்கும். மனித முகத்தைக் குரோஷாவில் முயல வேண்டாம் என்பது என் கருத்து. முகத்துக்கு எம்ப்ராய்டரிதான்.

நூல் என்றால் பருத்திதான், இந்த ஊரில் வேறு பேச்சே கிடையாது. அக்ரிலிக் உல்லனை மடியில் போட்டுக்கொண்டு ஆவணி வெயிலில் யார் உட்காருவது? மெர்சரைஸ் செய்த பருத்தி நூல் வாங்குங்கள், பளபளப்பும் இருக்கும், முடிச்சும் திருத்தமாகத் தெரியும். சிவப்பு, கறுநீலம் இரண்டிலும் ஒரு முழம் வெட்டி, நனைத்த வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பின்னணி நிறம் முழுவதற்கும் ஒரே லாட் எண் உள்ள கண்டுகளாகச் சேர்த்து வாங்கிவிடுங்கள், பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறித்தான் வரும்.

கடிலக்கரை:

கடலூரிலிருந்து எழுதுகிறேன். பின்னல் எனக்குத் தெரியாது, ஆனால் சீட்டுப் படம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. எங்கள் பக்கம் சீட்டு எடுத்துப் பலன் சொல்வது என்றால் கிளி ஜோசியம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் தென்னம்பாக்கம் கோயில் பக்கத்தில் ஒரு வேட்பாளருக்குக் கிளி சீட்டு எடுத்துக் கொடுத்ததும், கிளியைக் கூண்டில் வைத்திருந்ததற்காக வனத்துறையினர் ஜோசியரைப் பிடித்துக்கொண்டுபோய் எச்சரித்து அனுப்பியதும் பேப்பரில் வந்தது. பச்சைக்கிளியை அடைத்து வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கிளி வெளியே பறக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கவலை அந்தச் சீட்டுகளைப் பற்றியது. முருகன், லட்சுமி, மாரியம்மன் என்று தடித்த அட்டையில் ஒட்டிய படங்கள், கிளி கொத்திக் கொத்தி ஓரமெல்லாம் பிசிறு தட்டிப்போய், எண்ணெய்க் கை பட்டுப் பழுப்பேறி இருக்கும். தொழில் போனால் அந்தக் கட்டும் குப்பைக்குப் போய்விடும். லண்டனில் வரைந்த சீட்டை இத்தனை ஆசையாகப் பார்க்கிற சகோதரி, உங்கள் விரிப்பில் ரெண்டு கட்டம் நம்ம கிளிச்சீட்டுக்கும் ஒதுக்கினால் சந்தோஷப்படுவேன்.

லபோர்த்_வீதிப்_பேரன்:

எங்கள் வீட்டில் டாரோ என்றால் சீட்டாட்டம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன்குழம்பு சாப்பிட்டு முடித்ததும் கட்டு இறங்கிவிடும். அதிலும் 78 சீட்டுதான். 21 துருப்பு, அது போக எக்ஸ்கியூஸ் என்று ஒன்று. துருப்பில் 1, 21, எக்ஸ்கியூஸ் இந்த மூன்றும் ஏலம் கேட்டு ஆடுபவரிடம் சேர்ந்தால் 36 புள்ளி எடுத்தாலே ஜெயிக்கலாம். ரெண்டு இருந்தால் 41, ஒன்று இருந்தால் 51, எதுவுமே இல்லாவிட்டால் 56 எடுக்க வேண்டும். பிரான்சில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு ஆடுகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாராவது வீட்டுப் பெரியவர்கள் இது என்ன மாந்திரீகமா என்று கேட்டால் சொல்லப் பயன்படும். டாரோ பிறந்தது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், ஆட்டத்துக்காக. அதை வைத்துப் பலன் சொல்லும் பழக்கம் பரவலானது 18ஆம் நூற்றாண்டில், பிரான்சில். எகிப்திலிருந்து வந்த ரகசிய ஞானம் என்கிற கதையும் அந்தக் காலத்தில் கிளம்பியதுதான், அதற்கு ஆதாரம் கிடையாது.

படத்துக்காகத்தான் என்றால் இந்த ஆட்டக் கட்டையும் ஒருமுறை பாருங்கள் அக்கா. துருப்புச் சீட்டில் மேலே ஒரு காட்சி, தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு காட்சி, ஒன்று பட்டணம் மற்றது கிராமம். நடனம், கடைவீதி, பருவகாலம் என்று எல்லாம் சாதாரண மனிதர்கள்.

மிசிசிப்பிக்_கரையில்:

பிறந்தது நெல்லிக்குப்பம், இப்போது இருப்பது மின்னசோட்டாவின் தலைநகர் செயின்ட் பால். நிலா, நீங்கள் பார்த்த அந்தக் கட்டடத்துக்காகவே நான் ஒவ்வொரு வருடமும் ஒரு முழு நாளை ஒதுக்கி வைப்பேன். விழா 12 நாள், செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் லேபர் டே அன்று முடியும். 1859ல் தொடங்கியது. எங்களுக்கு அது கோடையின் கடைசி வாரம், மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி, அதனால் வெயிலை அனுபவித்துவிட வேண்டும் என்று கூட்டம் அலைமோதும்.

போட்டி எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவும். முன்கூட்டியே பெயர் பதிந்து, விழாவுக்கு முன்பே பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வகைகள் ரொம்ப நுணுக்கம், ஸ்வெட்டருக்குத் தனி, சால்வைக்குத் தனி, குரோஷாவுக்குத் தனி. நீல ரிப்பன் முதல் பரிசு. நடுவர்கள் கைவேலையைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று இங்கே பின்னுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நூல் முனைகளை உள்ளே இழுத்து மறைத்திருக்கிறதா, இழுப்பு முதல் வரிசையிலிருந்து கடைசி வரை ஒரே சீராக இருக்கிறதா, ஈரமாக்கி ஊசி குத்திக் காயவைத்து வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறதா, ஓரம் நெளியாமல் நிற்கிறதா. டிசைன் எல்லாம் அப்புறம்தான். நீங்கள் கேட்கிற புரட்டிப் பார்க்கும் ஆள் இவர்தான்.

இன்னொன்றும் பார்த்திருப்பீர்கள், விதை ஓவியம். கடுகு அளவு விதைகளை ஒவ்வொன்றாகப் பலகையில் ஒட்டி முகமும் காட்சியும் கொண்டுவருகிறார்கள், பக்கத்தில் போய் நின்றால்தான் அது வண்ணம் இல்லை, தானியம் என்று தெரியும். டாரோ படங்கள் அதற்கும் அருமையாகப் பொருந்தும். அப்புறம் பென்சில்வேனியாவில் ஜனவரியில் நடக்கும் பண்ணைக் கண்காட்சியில் ஒரு போட்டி உண்டு, ஒருவர் ஆட்டு ரோமத்தைக் கத்தரிக்க, மூன்று பேர் நூற்க, ஒருவர் நெய்ய, ஒரே அமர்வில் சால்வை முடிய வேண்டும். ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன்.

முத்தியால்பேட்டை_நிலா:

ஒவ்வொருவர் எழுதியதையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்பது வாள் சீட்டை இத்தனை நாள் கட்டின் அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன், இப்போது எதிரில் இருக்கிறது. கடிலக்கரை அண்ணா, முருகன் கட்டமும் கிளிக்கு ஒரு கட்டமும் உறுதி. தம்பி, அந்த ஆட்டம் கற்றுக்கொடுப்பாயா? இனி எங்கே காட்டுவது என்பது மட்டும்தான் பாக்கி.

ஊசிக்காது:

அதற்கு நான் யோசித்ததைச் சொல்கிறேன். நம்ம ஊரில் அந்த ஃபேருக்குக் கிட்டத்தில் வருவது தாவரவியல் பூங்காவில் நடக்கும் மலர், காய், கனி கண்காட்சி. வீட்டு மாடியில் வளர்த்த தொட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள், ஊரே போய்ப் பார்க்கிறது. நூல்வேலைக்கு அப்படி ஒன்று ஏன் கூடாது? ஆலைத் துணியும் தறியும் வைத்துப் பிழைத்த ஊர் இது, இங்கிருந்து நீலச் சாயத் துணி செனகல் வரைக்கும் போயிருக்கிறது. முத்தியால்பேட்டையில் இருக்கும் உங்களுக்குத் தறி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காந்தி திடலிலும் முருங்கப்பாக்கம் கைவினை கிராமத்திலும் கைவினைப் பொருள்கள் வருகின்றன, ஆனால் அங்கே வைப்பது விற்பதற்கு. விலை போடாமல், போட்டியாகவும் பாராட்டாகவும் வைக்க ஓர் இடத்தை நாமாகத்தான் உண்டாக்க வேண்டும்.

பெரிதாக எதுவும் வேண்டாம், யாராவது ஒருவர் வீட்டு மாடியில் ரெண்டு மேசை, ஒரு கொடி, கிளிப்புகள். எல்லா வேலையையும் பின்பக்கம் தெரியும்படி முதலில் வைப்போம், ஒரு சுற்றுப் பார்த்த பிறகு திருப்புவோம். பக்கத்தில் ஒரு நோட்டு, பார்க்கிறவர்கள் பெயரோடு கருத்து எழுத வேண்டும், சூப்பர் என்று மட்டும் எழுதினால் செல்லாது. அதற்கு முன்னால் ரோமன் ரோலண்ட் வீதியில் இருக்கும் க்ளூனி எம்ப்ராய்டரி மையத்துக்கு ஒருமுறை சேர்ந்து போய், அங்கே வேலை செய்யும் பெண்கள் முடிச்சை எப்படி மறைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம். டாரோ கட்டு வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுவாருங்கள், மேசையில் விரித்து வைத்துப் பார்ப்போம். பலன் சொல்லிக் காசு வாங்குவது கூடாது, இது ஒன்றில் நான் கறாராக இருப்பேன்.

லபோர்த்_வீதிப்_பேரன்:

எங்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, கீற்றுப் பந்தல் உண்டு, தாத்தாவிடம் கேட்டுவிட்டேன். வேலை பார்த்து முடித்ததும் ஓர் ஆட்டம் போடுகிறோம் என்றால் சம்மதமாம். மழைக்கு முன்னால், ஆவணிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

கடிலக்கரை:

கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் நானும் அம்மாவும் வருகிறோம். ஒரு சந்தேகம், அம்மா போடுவது ஒயர் கூடை, சிவன்கண் முடிச்சு. நூல் இல்லை, பிளாஸ்டிக் ஒயர். அதற்கும் மேசையில் இடம் உண்டா?

ஊசிக்காது:

தாராளமாக உண்டு. அம்மாவை நடுவராகவே உட்காரச் சொல்லுங்கள், முடிச்சு சீராக இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாததா?