பேச்சுக்கு எதற்கு 128 ஸ்டீரியோ? (விசைப்பலகையின் புதிய பாட்காஸ்ட் பற்றி)

பழைய மோடம் | சனி, காலை 7.10

நேற்று ராத்திரி நம் மன்றத்து உறுப்பினர் விசைப்பலகை தன் பாட்காஸ்ட் திட்டத்தை இங்கே போட்டிருந்தார். வாரம் ஒரு அத்தியாயம், 40 நிமிடம், இரண்டு பேர் பேசுவது. முதல் அத்தியாயம் கணினியில் தமிழ் தட்டச்சு வந்த கதை. நல்ல தலைப்பு, அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "128 கேபிபிஎஸ் ஸ்டீரியோவுக்குக் கீழே இறங்க மாட்டேன், மோனோ எல்லாம் டிரான்சிஸ்டர் காலத்துச் சத்தம்." அதைப் படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை.

பதினோரு வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். மனிதனுக்கு வாய் ஒன்றுதான். ஒரு மைக்கில் பேசினால் கிடைப்பது ஒரு தடம். அதையே இடது, வலது என்று இரண்டு பிரதி எடுத்து வைத்தால் ஸ்டீரியோ ஆகிவிடாது, கோப்புதான் வீங்கும். கணக்கைப் பாருங்கள். 64 மோனோ, அதாவது ஒரே தடம், வினாடிக்கு 64 கிலோபிட் (இதுதான் பிட்ரேட்) என்றால் நிமிடத்துக்கு 480 கேபி, 40 நிமிடத்துக்கு 19.2 எம்பி. 128 என்றால் 38.4 எம்பி. வருடத்துக்கு 52 அத்தியாயம் போட்டால் முதலாவது 1 ஜிபிக்குள் அடங்கும், இரண்டாவதுக்கு 2 ஜிபி வேண்டும். காதுக்கு வித்தியாசம் ஒன்றும் கிடையாது. பேச்சுக்கு 64 மோனோ போதும்.

விசைப்பலகை | சனி, காலை 8.02

மோடம் சார், வணக்கம். என் திட்டத்தில் முப்பது வரி இருந்தது. அதில் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தனி இழையே திறந்துவிட்டீர்கள். நான் முக்கியமாகக் கேட்டது ஆர்எஸ்எஸ் ஓடையை (புது அத்தியாயம் வந்ததைக் கேட்கும் செயலிகளுக்குச் சொல்லும் பட்டியல்) என் சொந்தத் தளத்தில் வைப்பதா, வெளியே ஒரு சேவையில் வைப்பதா என்று. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2018ல் வந்தது, 2024ல் மூடிவிட்டார்கள். ஆங்கர் என்ற பாட்காஸ்ட் சேவை 2019ல் ஸ்பாட்டிஃபை கைக்குப் போய், பிறகு பெயரே காணாமல் போனது. இப்படி அடிக்கடி கடை மாறும்போது ஓடை நம் கையில் இருக்க வேண்டாமா என்றுதான் கேட்டேன். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஸ்டீரியோ ஏன் என்றால், ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ரசீது அடிக்கும் ஒரு கடையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் மைக் வைத்து எடுத்தேன். தலை இடமிருந்து வலம் ஓடுவது, ஓரத்தில் முட்டித் திரும்புவது, கடைசியில் கடைக்காரர் துளைக்காகிதத்தை 'சர்ர்' என்று கிழிப்பது, எல்லாம் அந்தந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது. மோனோவில் போட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். தட்டச்சின் கதையைச் சொல்ல வந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கொல்லச் சொல்கிறீர்களா?

பழைய மோடம் | சனி, காலை 8.15

அந்த பிரிண்டர் எத்தனை வினாடி?

விசைப்பலகை | சனி, காலை 8.21

பன்னிரண்டு.

பழைய மோடம் | சனி, காலை 8.24

பன்னிரண்டு வினாடிக்காக நாற்பது நிமிடத்தை இரட்டிப்பாக்குகிறீர்கள். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற கதை. 64 மோனோ போதும்.

தேனிக்காரன் | சனி, காலை 9.40

நான் கேட்கிறவன், செய்கிறவன் இல்லை. வேலைக்காக வாரம் இரண்டு தடவை மூணாறு போகிறேன். போடிமெட்டு ஏறும்போது என் போனில் சிக்னல் இருக்காது, அதனால் முதல்நாள் ராத்திரியே இறக்கி வைத்துக்கொள்வேன். கண்டக்டர் கூப்பிடுவது கேட்க வேண்டும் என்று ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவேன். ஒருமுறை ஒரு நேர்காணல் போட்டேன். தொகுப்பாளர் இடது பக்கம், விருந்தினர் வலது பக்கம். முக்கால் மணி நேரம் எனக்குக் கேள்வி மட்டும்தான் கேட்டது, ஒரு பதில்கூடக் கேட்கவில்லை. விசைப்பலகை அண்ணே, நீங்களும் அப்படிப் பிரித்துப் போடப்போகிறீர்களா?

பழைய மோடம் | சனி, காலை 9.44

நன்றாகக் கேட்டீர்கள் தம்பி. இதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன். 64 மோனோ.

ஒலித்தோழி | சனி, காலை 10.30

தேனித் தம்பி சொல்வது நியாயம். ஆனால் அது கலவைப் பிழை. அதற்கும் 64க்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பேர் குரலையும் நடுவில் வைத்து, பிரிண்டரை மட்டும் அகலமாக விட்டால் ஒரு காதில் கேட்பவருக்கும் எல்லாம் கேட்கும். கோப்பு ஸ்டீரியோவாகவே இருக்கலாம்.

மோடம் சார் விட்டுவிட்ட ஒரு விஷயம் ஜாயின்ட் ஸ்டீரியோ. எம்பி3 இடது, வலது என்று தனித்தனியாக எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. இரண்டுக்கும் பொதுவானதை ஒன்றாகவும் வேறுபாட்டைத் தனியாகவும் பிரித்து எழுதும். குரல் நடுவில் இருந்தால் வேறுபாடு கிட்டத்தட்டப் பூஜ்யம், ஆகவே 128ல் பெரும்பகுதி அந்தக் குரலுக்கே போகும். 64 மோனோவைவிட அங்கே குரல் தெளிவாகத்தான் இருக்கும். குறிப்பாக ச, ஸ, ஷ. குறைந்த பிட்ரேட்டில் முதலில் கெடுவது அந்த ஒலிகள்தான், தண்ணீருக்குள் பேசுவது போல ஆகிவிடும். 'விசை' என்ற சொல்லே அவர் பெயரில் இருக்கிறது, அத்தியாயம் முழுக்க வரப்போகிறது.

இன்னொன்று. யூடியூபுக்கு ஆர்எஸ்எஸ் கொடுத்தால் அட்டைப்படத்தை வைத்து அதுவே வீடியோவாக்கி, ஒலியை மறுபடியும் சுருக்கும். ஏற்கெனவே நசுக்கியதை இன்னொரு தடவை நசுக்கினால் என்ன மிஞ்சும்?

விசைப்பலகை, ஓடை விஷயத்தில் என் கருத்து: வெளிச் சேவையில் வையுங்கள், ஆனால் முகவரி உங்கள் டொமைனில் இருக்கட்டும். நாளைக்கு இடம் மாறினால் திருப்பி விட்டுவிடலாம்.

பழைய மோடம் | சனி, காலை 10.52

அம்மா, ஜாயின்ட் ஸ்டீரியோ எனக்கும் தெரியும். நான் எம்பி3 கையாண்ட காலத்தில் இந்த மன்றத்தில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். கேள்வி 128ல் நன்றாக இருக்குமா என்பது இல்லை. 64 போதுமா என்பதுதான். பேருந்தில், அடுப்படியில், மாடு கட்டுகிற இடத்தில் கேட்கிறவருக்கு 'ச' தண்ணீரில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா என்று தெரியப்போவதில்லை. 64 போதும்.

ஒலித்தோழி | சனி, காலை 11.05

போதும் என்றால் யாருக்குப் போதும்? நான் கேட்கிறேன், எனக்குத் தெரிகிறது. சரி, நீங்கள் சொல்கிற மோனோவையே எடுத்துக்கொள்வோம். ஒலி அளவை எவ்வளவில் வைக்கச் சொல்வீர்கள்?

பழைய மோடம் | சனி, காலை 11.09

ஆப்பிள் சொல்கிறபடி மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு). இதிலென்ன சந்தேகம்?

ஒலித்தோழி | சனி, காலை 11.14

அங்கேதான் தவறு. ஒரே குரல் ஸ்டீரியோக் கோப்பில் மைனஸ் 16 என்று அளந்தால், மோனோக் கோப்பில் அது மைனஸ் 19 என்றுதான் அளவுகோலில் காட்டும். இரண்டு தடம் சேரும்போது 3 டெசிபெல் கூடும், அதனால். மோனோவை மைனஸ் 16க்கு ஏற்றினால் மற்ற நிகழ்ச்சிகளுக்கு நடுவில் உங்களுடையது மட்டும் கத்தும். பதினோரு வருடம் கூடத்தில் இருந்ததாகச் சொன்னீர்கள்.

பழைய மோடம் | சனி, காலை 11.16

நான் இருந்தபோது இந்த அளவுகோல் எல்லாம் இல்லை. காதை வைத்துத்தான் வேலை செய்தோம், ஒருவரும் குறை சொன்னதில்லை. பேச்சை மாற்றாதீர்கள். 64.

சொல்வேலி | சனி, மதியம் 12.20

ஐந்து மணி நேரமாக எல்லாரும் 'பாட்காஸ்ட், பாட்காஸ்ட்' என்று எழுதுகிறீர்கள், உறுத்தவில்லையா? வலையொலி என்று அழகான சொல் இருக்கிறது. 2004ல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையாளர் ஐபாடையும் பிராட்காஸ்ட்டையும் ஒட்டவைத்துக் கட்டுரையில் போட்ட பெயர் அது. அந்த ஐபாடையே 2022ல் ஆப்பிள் நிறுத்திவிட்டது. செத்த கருவியின் பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? அதிலும் தமிழ்த் தட்டச்சின் கதை சொல்லப்போகிற நிகழ்ச்சி!

தேனிக்காரன் | சனி, மதியம் 12.31

என் அம்மாவிடம் வலையொலி என்று சொன்னேன், வளையல் சத்தமா என்று கேட்டார்.

சொல்வேலி | சனி, மதியம் 12.36

முதன்முதலில் 'கணினி' என்று சொன்னபோதும் இப்படித்தான் கேட்டார்கள். இன்று அம்மாக்களே சொல்கிறார்கள். சொல்லைப் புழங்காமல் சொல் பழகாது.

பழைய மோடம் | சனி, மதியம் 12.40

பெயரை எப்படி வேண்டுமானாலும் வையுங்கள். வலையொலி என்றாலும் வாய் ஒன்றுதான்.

விசைப்பலகை | சனி, மதியம் 1.15

மோடம் சார், வெளிப்படையாகவே கேட்கிறேன். இது உண்மையில் 64 பற்றியதா, 2009ல் நான் எழுதிய எழுத்துரு மாற்றி பற்றியதா? அன்றைக்கு இதே மாதிரி தனி இழை திறந்தீர்கள். பதினெட்டுப் பக்கம் ஓடியது.

பழைய மோடம் | சனி, மதியம் 1.22

நீங்களே எடுத்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். நான் பழைய எழுத்துருவில் எழுதி வைத்த கட்டுரைகள் எல்லாவற்றையும் உங்கள் மாற்றியை நம்பி யூனிகோடுக்கு மாற்றினேன். 'மௌனம்' எல்லாம் 'மெளனம்' ஆகிப்போனது. ஔகாரக் குறியை எடுத்துவிட்டு, ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியாக வைத்தது உங்கள் மாற்றி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தேடினால் கிடைக்காது. பௌர்ணமி, கௌரவம், சௌகரியம், ஒன்று விடாமல் கையால் திருத்தினேன். இரண்டு மாதம் ஆனது. சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சின்ன விஷயம்" என்றீர்கள்.

விசைப்பலகை | சனி, மதியம் 1.40

பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம்தான். எது எது என்று மாற்றிக்குத் தெரிய அகராதி வேண்டும். தனி ஆளாக, ராத்திரி உட்கார்ந்து, காசு வாங்காமல் எழுதியது அது. இரண்டாம் பதிப்பில் சரி செய்தேன், அதை நீங்கள் இறக்கவே இல்லை. இந்தச் சிக்கலைத்தான் முதல் அத்தியாயத்திலேயே பேசப்போகிறேன். 1999ல் தமிழ்நாடு அரசு தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பை ஏற்றதிலிருந்து தொடங்கி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம் வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாமல் கிடந்த காலம் வரை. அந்தக் காலத்தில் இருந்தவர் நீங்கள். உங்களை விருந்தினராகக் கூப்பிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

பழைய மோடம் | சனி, மதியம் 1.44

கூப்பிட்டால் வருவேன். ஆனால் 128ல் வர மாட்டேன்.

ஒலித்தோழி | சனி, மதியம் 2.10

நடுவில் 96 மோனோ என்று ஒன்று இருக்கிறது. அல்லது அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் ஸ்டீரியோவில் போடலாம். ஓடையில் ஒவ்வொரு கோப்பும் தனிதான், எல்லாம் ஒரே பிட்ரேட்டில் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

பழைய மோடம் | சனி, மதியம் 2.13

96 எதற்கு? 64 போதும் என்றுதானே சொல்கிறேன்.

விசைப்பலகை | சனி, மதியம் 2.15

96 எதற்கு? 128 இருக்கும்போது.

விசைப்பலகை | சனி, மாலை 6.50

ஒரே பேச்சை, 90 வினாடி, இரண்டு விதமாகச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். கோப்பு 'அ', கோப்பு 'ஆ'. இரண்டும் காதுக்கு ஒரே அளவு சத்தம், இரண்டையும் விரித்து இரண்டு தட வேவ் கோப்பாக மாற்றிவிட்டேன், அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எது 64 மோனோ என்று மோடம் சார் சொல்லட்டும்.

தேனிக்காரன் | சனி, மாலை 7.05

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. ஒரு காதில்தான் கேட்டேன்.

ஒலித்தோழி | சனி, மாலை 7.12

'ஆ'தான் 64. ஐம்பதாவது வினாடியில் 'எழுத்து வரிசை' என்று வருகிறதே, அந்தச் 'சை'யில் தெரிந்துவிட்டது.

விசைப்பலகை | சனி, மாலை 7.15

சரியான விடை. மோடம் சார்?

பழைய மோடம் | சனி, மாலை 7.48

கேட்டேன். நான்கு தடவை கேட்டேன். தம்பிக்கு வித்தியாசம் தெரியவில்லை, எழுதியிருக்கிறார் பாருங்கள். உங்கள் கேட்பாளர் அவர்தான், இந்த அம்மா இல்லை. அம்மா ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஐம்பதாவது வினாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பார். மேலும் இந்தப் பதிவில் பின்னால் மின்விசிறி ஓடுகிறது. விசிறிச் சத்தம் இருந்தால் 64 திணறத்தான் செய்யும், விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். நல்ல டைனமிக் மைக்கை வாய்க்கு நான்கு விரல்கடை தள்ளி வைத்து, பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டுப் பேசினால் அறைச் சத்தமே வராது. என்னிடம் மைக் இருக்கிறது. ஆனால் போன தடவை ஒருவருக்குக் கொடுத்தது முன்வலை நசுங்கித் திரும்பி வந்தது.

ஒலித்தோழி | சனி, மாலை 7.55

ஒரே தடவைதான் கேட்டேன். அந்த மைக் என்னிடம் வரும்போதே நசுங்கித்தான் இருந்தது, கூரியர் வந்த அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினேன். இதை நான்காவது முறையாகச் சொல்கிறேன்.

பழைய மோடம் | சனி, மாலை 7.58

என் கையை விட்டுப் போகும்போது நன்றாக இருந்தது.

சொல்வேலி | சனி, இரவு 8.20

நிகழ்ச்சியின் பெயரில் வலையொலி வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

விசைப்பலகை | சனி, இரவு 9.05

பெயர் இன்னும் முடிவாகவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்குத் தெருவில் சத்தம் தொடங்கும் முன்னால் பதிவு செய்யப்போகிறேன். விசிறியை நிறுத்திவிடுகிறேன், கம்பளியும் தொங்கவிடுகிறேன். கோப்பு 128 ஸ்டீரியோதான்.

பழைய மோடம் | சனி, இரவு 9.07

ஆறு மணிக்குப் பால்காரர் வருவார், ஐந்துக்கே எடுத்துவிடுங்கள். 64 மோனோ.