வகையறிதல்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

வணக்கம்.

பொதிக் குறிநீக்கப் பாடக்குறிப்பில் (வலையமைப்பில் போகும் தரவுப்பொதியைப் பிரித்து வாசிப்பது), பொதிக்குள் இருப்பது எந்த நெறிமுறை என்று கண்டுபிடிப்பதற்கு "நெறிமுறை வகையறிதல்" என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. (புரோட்டோகோலுக்கு நெறிமுறையா நடப்பொழுங்கா என்ற பழைய வழக்கை இப்ப அவிழ்க்க வேண்டாம்.) ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலையை அடைத்துவிட்டோம் என்பதே என் மறுப்பு.

ஈதர்நெற் சட்டகத்தில் விலான் ஒட்டு (இடையில் செருகும் வலையமைப்பு எண்) இல்லாவிட்டால் 13, 14 ஆம் பைற்றுகள் வகையைச் சொல்லிவிடும்: பதினறுமத்தில் (16 அடி எண்முறை) 0800 ஐபி 4, 86டிடி ஐபி 6. ஐபி 4 தலைப்பகுதியின் 10 ஆம் பைற்றும் அப்படித்தான்: 6 டிசிபி, 17 யுடிபி, இரண்டும் ஐபிக்குள் தரவைக் கொண்டுபோகும் நெறிமுறைகள். இது வெறும் வாசிப்பு. அந்தப் புலத்துக்கு "வகைச்சுட்டு" என்று வைக்கலாம்.

கைபேசி வலையமைப்புக்குள் பயனரின் பொதியை இன்னொரு பொதிக்குள் வைத்துக் கொண்டுபோகும் ஜிடிபி-யு வேறு. யுடிபி துறை 2152, செய்தி வகை 255 என்றால் பயனர் தரவு, அவ்வளவுதான். உள்ளே ஐபி 4 ஆ 6 ஆ என்று சொல்லப் புலமே இல்லை. உள்பொதியின் முதல் நாலு பிற்றில் இருக்கும் ஐபி பதிப்பு எண்ணை (4 அல்லது 6) பார்த்தே முடிவெடுக்கிறோம். வாய் தைத்த நெல்லுமூட்டைக்குள் குத்தூசி விட்டு, வந்த நாலு மணியில் சம்பாவா நாடா என்று பார்க்கிற மாதிரி. இதற்கு "வகையூகம்".

ஊசி தப்பான இடத்தில் குத்துவதுதான் வழக்கமான பிழை. ஜிடிபி தலைப்பகுதி 8 பைற். முதல் பைற்றின் கடைசி மூன்று பிற்றில் ஒன்று எழும்பியிருந்தாலும் (1 ஆக இருந்தாலும்) இன்னும் 4 பைற் சேரும். உள்பொதி 13 ஆம் பைற்றில் தொடங்கும். அதைக் கவனிக்காமல் 9 ஆம் பைற்றை வாசித்தால் கையில் வருவது, அதற்கான பிற் எழும்பியிருந்தால், பொதிக்குப் பொதி கூடிப்போகும் வரிசை எண். அது 16384 முதல் 20479 வரை இருக்கும்போது முதல் நாலு பிற் 4. ஐபி 4 என்று நிரல் நம்பிவிடும். 24576 முதல் 28671 வரை 6. மற்ற நேரம் "தெரியாத வகை". ஒரே அமர்வில் பிழை வந்து வந்து போவது இதனால்தான். ஐந்தாம் தலைமுறையில் 133 ஆம் எண் நீட்டிப்பும் (ஜிடிபி தலைப்பகுதியில் இன்னும் சேரும் துண்டு) வரும். பெரும்பாலும் அது 4 பைற், அப்போது தொடக்கம் 17.

கிளிநொச்சியிலிருந்து

---

அண்ணை, பிரிப்பு சரி, "ஊகம்" சரியில்லை. குருட்டாம்போக்கு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். நாலு பிற்றோடு நிற்பதில்லையே: ஐபி 4 என்றால் தலைப்பகுதியின் நீளத்தைச் சொல்லும் அடுத்த நாலு பிற் 5 க்குக் குறையக்கூடாது, மொத்த நீளம் ஜிடிபி நீளத்தோடு ஒத்துவர வேண்டும், கூடுதல் 4 பைற்றோ நீட்டிப்போ இருந்தால் அதைக் கழித்துவிட்டு. "வகை உய்த்தறிதல்" என்போம். சொல் நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

ஈதர்நெற் அமர்வென்றால் (உள்ளே ஐபி பொதிக்குப் பதிலாக ஈதர்நெற் சட்டகம்) இந்த வழியும் எடுபடாது. உள்ளே முதலில் வருவது மக் முகவரி (கருவியின் வலையமைப்பு முகவரி); அதுவும் 4 இல் தொடங்கலாம். அமர்வு தொடங்கும்போது போன கட்டுப்பாட்டுச் செய்தியைப் பார்த்தால்தான் உண்டு. அதற்கு மூன்றாவது சொல் வேண்டாம். அதுவும் வாசிப்புத்தான், வேறு இடத்தில்.

வவுனியாவிலிருந்து