பழைய மதர்போர்டில் கெப்பாசிட்டர் மாற்றிய அனுபவங்கள்: எதைப் பார்த்து வாங்கினீர்கள்?

கெப்பாசிட்டர் வாங்கப் போனால் கடையில் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட்? மதர்போர்டுக்கு அந்த இரண்டும் போதாது. அதைத் தெளிவாகக் காட்டிய ஒரு போர்டைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

கோவையில் ஒரு எம்பிராய்டரி பட்டறை. எந்திரத்துக்கு டிசைன் அனுப்பும் கார்டு ஐ.எஸ்.ஏ. என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகும் வகை என்பதால் பென்டியம் 3 கம்ப்யூட்டரை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். இப்போது கடையில் விற்கும் சாதாரண போர்டு எதிலும் அந்த ஸ்லாட் கிடையாது. அதனால் புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. பவர் போட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது. திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒரு தடவை வரும், கொஞ்ச நேரத்தில் அப்படியே உறைந்து நிற்கும்.

திறந்து பார்த்தால் பிராசசரைச் சுற்றியிருந்த கெப்பாசிட்டர்கள் எல்லாம் புத்தம் புதியவை. ஏற்கெனவே யாரோ மாற்றியிருக்கிறார்கள். 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று மதிப்பும் அப்படியே பொருந்துகிறது. தலை உப்பவில்லை, கசிவும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் தொட்டால் விரல் வைக்க முடியாத சூடு. ஒன்றைக் கழற்றி ஈ.எஸ்.ஆர். மீட்டரில் வைத்தேன். ஈ.எஸ்.ஆர். என்பது கெப்பாசிட்டருக்குள்ளேயே இருக்கும் தடை. அந்த இடத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காட்டியது. சாதாரண மல்டிமீட்டரில் கெப்பாசிட்டி மட்டும் பார்த்திருந்தால் நல்ல உருப்படி என்றே தோன்றியிருக்கும்.

அந்த இடத்தில் நடப்பது இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி) வரும் 5 வோல்ட்டை, பிராசசருக்கு வேண்டிய 1.7 வோல்ட் அளவுக்கு ஒரு சர்க்யூட் இறக்குகிறது. அது நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்சை ஆன் ஆஃப் செய்கிறது. ஒவ்வொரு தடவையும் கெப்பாசிட்டருக்குள் கரண்ட் ஏறி இறங்கும். உள்ளே இருக்கும் தடை அதிகமானால் அந்தக் கரண்ட் சூடாக மாறும், பிராசசருக்குப் போகும் வோல்டேஜும் ஆடும். கடையில் முதலில் எடுத்துக் கொடுக்கும் சாதாரண ரகம் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதே இல்லை.

வாங்கும்போது டேட்டாஷீட்டில் (கம்பெனி வெளியிடும் விவரத்தாள்) நான் முதலில் தேடுவது 100 கிலோஹெர்ட்ஸில் இம்பிடன்ஸ், அதாவது அந்த வேகத்தில் மொத்தத் தடை, எவ்வளவு என்ற வரியை. அந்த வரி இல்லாமல் 120 ஹெர்ட்ஸ் கணக்கு மட்டும் இருந்தால், சர்க்யூட்டின் இந்தப் பகுதிக்கு அந்த சீரிஸ் வேண்டாம். அடுத்தது ரிப்பிள் கரண்ட், அதாவது ஏறி இறங்கும் கரண்டை எவ்வளவு தாங்கும் என்பது. வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேலே, 105 டிகிரி ரகம், போர்டில் இருக்கும் துளைக்கும் இடத்துக்கும் சரியாக உட்காரும் விட்டம், இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

அந்த பென்டியம் 3 போர்டுக்கு பானசானிக் எஃப்.எம். சீரிஸ் போட்டேன். 10 மி.மீ. விட்டம், 20 மி.மீ. உயரத்தில் அதன் இம்பிடன்ஸ் 20 மில்லியோமை ஒட்டி வரும். அந்தக் காலத்து பிராசசருக்கு அது தாராளம். பென்டியம் 4 போர்டுக்கு இதையே போடலாமா என்று கேட்டால் யோசிப்பேன். அவற்றில் கம்பெனியிலேயே 10, 12 மில்லியோம் ரகம் வந்திருக்கும். முன்பு என்ன சீரிஸ் இருந்ததோ அதன் டேட்டாஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1999 முதல் 2007 வரை வந்த போர்டு என்றால் உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு நிற்காதீர்கள். கெப்பாசிட்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம், தண்ணீர் கலந்த மோசமான ரகமாக இருந்து, அலுமினியத்தோடு வினைபுரிந்து உள்ளே ஹைட்ரஜன் உண்டாக்கிய காலம் அது. 2005-இல் டெல் நிறுவனமே இந்தத் தொல்லைக்காக 300 மில்லியன் டாலர் ஒதுக்கியது. ஒரே பிராண்டில் ஒன்று போயிருந்தால், பக்கத்தில் நன்றாகத் தெரிவதும் வரிசையில் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

* * *

அண்ணா, நான் பாலிமர் கெப்பாசிட்டர் (திரவத்துக்குப் பதில் திடமான பாலிமர் உள்ள ரகம்) போட்டுப் பார்த்தவன். பென்டியம் 4 போர்டு, பிராசசர் பக்கம் 3300 மைக்ரோஃபாரட் இருந்தது. அங்கே 820 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் பாலிமர் போட்டேன். நாலில் ஒரு பங்கு எப்படிப் போதும் என்று நண்பர்கள் கேட்டார்கள். 200 கிலோஹெர்ட்ஸில் 820-இன் ரியாக்டன்ஸ் (அந்த வேகத்தில் கெப்பாசிட்டி அளவால் வரும் எதிர்ப்பு) ஒரு மில்லியோம்தான் வருகிறது. ஈ.எஸ்.ஆர். 7 மில்லியோம். ஆக ரிப்பிளைத் தீர்மானிப்பது ஈ.எஸ்.ஆர்.தான், அது பழையதைவிடக் குறைவு.

ஆனால் எல்லாப் போர்டிலும் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. வோல்டேஜை இறக்கும் சர்க்யூட்டைக் கட்டுப்படுத்தும் சில கன்ட்ரோலர் ஐ.சி. கெப்பாசிட்டரின் ஈ.எஸ்.ஆர்.-ஐ நம்பித்தான் நிலையாக ஓடும். அது மிகவும் குறைந்தால் வோல்டேஜ் ஊசலாடத் தொடங்கிவிடும். ஐ.சி. நம்பரைப் பார்த்து டேட்டாஷீட் படித்த பிறகே நான் வாங்கினேன். வேலை முடிந்ததும் வோல்டேஜ் ஆடுகிறதா என்று ஆஸிலோஸ்கோப்பிலும் பார்த்துக்கொண்டேன். இன்னொன்று, பாலிமரில் 2.5 வோல்ட் ரகமும் உண்டு. பிராசசர் பக்கத்துக்கு அது சரி, தவறிப்போய் 5 வோல்ட் லைனில் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான். இரண்டையும் தனித்தனிக் கவரில் வையுங்கள்.

* * *

ஐயா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து வாங்குகிறவள் நான். அங்கே நல்ல சரக்கு கிடைக்கிறது, ஆனால் உறையில் இருக்கும் பெயரை நம்பி மொத்தமாக வாங்க மாட்டேன். ஒரு தடவை பெரிய ஜப்பான் பெயர் போட்ட உருப்படி கையில் எடுத்ததுமே எடை குறைவாக இருந்தது. மீட்டரில் வைத்தேன், ஈ.எஸ்.ஆர். சாதாரண ரகத்துக்கு உரியது. சந்தேகத்தில் ஒன்றை அறுத்தேன். பெரிய டப்பாவுக்குள் சின்னக் கெப்பாசிட்டர்! அன்றிலிருந்து முதலில் இரண்டு மூன்று வாங்கி அளந்து பார்த்த பிறகுதான் மீதி. முக்கியமான வேலை என்றால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கிவிடுகிறேன். கூரியர் செலவு உறுத்தத்தான் செய்கிறது, போர்டு அதைவிடப் பெரிது.

பழையதைக் கழற்றும் முன் கட்டாயம் போட்டோ எடுங்கள். போர்டில் அச்சடித்த வட்டத்தில் வெள்ளைப் பாதி பெரும்பாலும் நெகட்டிவ். சில போர்டில் அதுவே பாசிட்டிவ்.

* * *

வெள்ளைப் பாதி விஷயத்தைச் சொன்னது மிக நல்லதம்மா, புதிதாகச் செய்கிறவர்கள் அடிபடுவது அங்கேதான். தம்பி, உங்கள் பாலிமர் கணக்கை அப்படியே குறித்துக்கொண்டேன்.

கழற்றுவதைப் பற்றியும் ஒன்று. நெகட்டிவ் கால் உள்ளே பெரிய செம்புப் படலத்தோடு சேர்ந்திருக்கும், வைக்கும் சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். 25 வாட் சால்டரிங் அயர்னால் போராடினால் துளையின் உள்பூச்சு பிய்ந்து வந்துவிடும். 60 வாட் அயர்ன், நிறைய ஃபிளக்ஸ், அப்புறம் பழைய ஈயத்தின் மேலேயே கொஞ்சம் 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம் கலந்த சால்டர்) உருக்கி விட்டால் சுலபமாக வரும். ஈயமில்லாத சால்டர் இருக்கும் போர்டில் இது இன்னும் அவசியம். அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், 63/37 என்றால் 183 போதும்.

புதுக் கெப்பாசிட்டர் போட்ட போர்டைப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டும் முன் அதையும் திறந்து பாருங்கள். உள்ளே உப்பியிருந்தால் ரிப்பிள் முழுக்க போர்டின் தலையில்தான் விழும். 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட் லைனில் 50 மில்லிவோல்ட், இதைத் தாண்டினால் அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை நான் மாட்டுவதில்லை.