சேபனுக்கு அடுத்து அலபாமா ஹெட் கோச் யார்? லானிங்கா, சார்க்கீசியனா, டிபோரா?

கிரிம்சன் ரசிகன் (11 ஜனவரி 2024)

நேற்று அலபாமா யூனிவர்சிட்டியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஹெட் கோச் நிக் சேபன் ஓய்வை அறிவித்துவிட்டார். 17 சீசன், அலபாமாவுக்கு மட்டும் 6 சாம்பியன்ஷிப். 72 மணி நேரத்துக்குள் புது ஹெட் கோச்சைக் கொண்டுவருவதாக அத்லெடிக் டைரக்டர் கிரெக் பர்ன் வீரர்களிடம் சொல்லியிருக்கிறாராம். அடிபடும் பெயர்கள்: ஓரிகனின் டான் லானிங், டெக்சஸின் ஸ்டீவ் சார்க்கீசியன், வாஷிங்டனின் கேலன் டிபோர், ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைக் நார்வெல், கிளெம்சனின் டாபோ ஸ்வினி, ஓல் மிஸ்ஸின் லேன் கிஃபின்.

எனக்கு இரண்டு சந்தேகம். 17 வருஷம் இருந்தவர் இடத்துக்கு மூன்றே நாளில் ஆள் பிடிக்க அப்படி என்ன அவசரம்? இந்த ஆறு பேரில் நிஜமாகவே வரக்கூடியவர் யார், வந்தால் தேறுவாரா? "சேபனிடம் வேலை பார்த்தவர்" என்பதைத் தாண்டி ஏதாவது காரணம் சொல்லுங்கள்.

மூன்றாம் டவுன்

அவசரத்துக்குக் காரணம் போர்ட்டல், அதாவது காலேஜ் மாற நினைக்கும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். பெயர் கொடுப்பதற்கான பொதுவான குளிர்கால விண்டோ ஜனவரி 2ஆம் தேதியே மூடிவிட்டது. ஆனால் ஹெட் கோச் போய்விட்டால் அந்த டீம் பசங்களுக்கு மட்டும் மறுநாளிலிருந்து 30 நாள் தனியாகத் திறக்கும். ஆக, இன்றிலிருந்து எல்லா டீமும் அலபாமாவில் ஆள் பொறுக்கலாம். பதிலுக்கு அலபாமா ஆள் தேடினால், ஏற்கெனவே போர்ட்டலில் பெயர் கொடுத்து இடம் கிடைக்காமல் நிற்பவர்கள்தான் மிச்சம். மற்றவர்களுக்கு அடுத்த விண்டோ ஏப்ரல் 16லிருந்து 30 வரை.

டிசம்பர் 20 அன்று கையெழுத்துப் போட்ட புதுப் பசங்களிலும் இரண்டு ரகம். இந்த ஜனவரியிலேயே காலேஜில் சேர்ந்துவிட்டவன் நேராகப் போர்ட்டலுக்குப் போகலாம். கோடையில் வரவேண்டியவன் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டிலிருந்து (சேருவதாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்) விடுவிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். இரண்டையும் தடுக்க ஹெட் கோச் என்று ஒருவர் போனை எடுத்தால்தான் முடியும்.

அந்த முதல் போன் கேலப் டவுன்ஸுக்குப் போகணும். முதல் வருஷத்திலேயே 107 டாக்கிள் போட்ட (பந்தோடு ஓடுபவரை மடக்கிய) சேஃப்டி, அதாவது பின்வரிசைத் தடுப்பாளர் அவர். அதே நாளில் ரன்னிங் பேக் கோச் ராபர்ட் கில்லெஸ்பியையும் டிஃபென்சிவ் லைன் கோச் ஃப்ரெடி ரோச்சையும் உட்காரவைத்துப் பேசிவிடணும். ஒரு பையன் வாரம் முழுக்கப் பேசுவது பொசிஷன் கோச்சிடம்தான். அவர் பெட்டியைக் கட்டினால் பையனும் கட்டுவான். புதிதாக வருபவர் தன் பத்து அசிஸ்டென்ட்களையும் மொத்தமாகக் கூட்டிவந்து இறக்குவதுதான் இந்த மாதிரி நேரத்தில் நடக்கிற பெரிய தப்பு.

பைஅவுட் கணக்கர்

பட்டியலை முதலில் சுருக்குவோம். லானிங் இன்றைக்கே ஓரிகனை விட்டுப் போகமாட்டேன் என்று வீடியோ போட்டுவிட்டார். அவர் பைஅவுட், அதாவது காண்ட்ராக்ட் முடியும்முன் விலகினால் கட்டவேண்டிய தொகை, 2 கோடி டாலர். அலபாமாவுக்கு அது மலை இல்லை, ஆனால் ஆளே கையை விரித்துவிட்டார்.

ஸ்வினி 1992 சாம்பியன் டீமில் ஆடிய அலபாமா பையன், நியாயமாகப் பார்த்தால் சொந்த வீடு. அதைத் தெரிந்துதான் கிளெம்சன் காண்ட்ராக்டில் அலபாமாவுக்குப் போனால் மட்டும் பைஅவுட் ஒன்றரை மடங்கு என்று எழுதிவைத்திருக்கிறது. காசு கிடக்கட்டும். போர்ட்டல் பக்கம் தலைவைத்தே படுக்காத கோச்சை, போர்ட்டலில் ஓட்டை விழுந்த டீமுக்குக் கூட்டிவந்து என்ன செய்வது?

நார்வெல் 13-0 (13 வெற்றி, தோல்வியே இல்லை) வைத்திருந்தும் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை. அந்த இடம் 12-1 அலபாமாவுக்குப் போனது. அவரே இங்கே வந்தால் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் ஊரான டல்லஹாசியில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. கிஃபின் ஆஃபென்ஸ் பிரமாதம். ஓல் மிஸ்ஸில் சேபனோடு நாலு தடவை மோதி நாலும் தோல்வி. பர்ன் அந்த நம்பரை அழுத்தமாட்டார்.

மிச்சம் சார்க்கீசியனும் டிபோரும். டிபோரின் பைஅவுட் 1.2 கோடி டாலர்.

நேருக்கு நேர்

அந்த இருவரையும் ஒப்பிட ஊகமே வேண்டாம், ஸ்கோர் இருக்கிறது. 2022 அலமோ பவுலில் (பவுல் என்பது சீசன் கடைசியில் நடக்கும் தனி ஆட்டம்) வாஷிங்டன் 27, டெக்சஸ் 20. பத்து நாள் முன்பு சுகர் பவுலில் 37-31. இரண்டும் டிபோருக்கு. லானிங்கோடு மூன்று ஆட்டம்: 37-34, 36-33, 34-31. மூன்றும் மூன்றே பாயின்ட் வித்தியாசம், மூன்றும் டிபோருக்கு. ஆக, பலரும் முதலில் சொன்ன இரண்டு பேரிடமும் அவர் 5-0.

அதிர்ஷ்டம் என்பீர்கள். அக்டோபரில் நடந்த அந்த 36-33 ஆட்டத்தின் கடைசியைப் பாருங்கள். லானிங்கின் ஓரிகனுக்கு நாலு பாயின்ட் முன்னிலை, இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் பாக்கி, வாஷிங்டனின் 47 யார்டு கோட்டில் நாலாவது டவுன் (10 யார்டு நகரக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு), 3 யார்டு வேண்டும். லானிங் பன்ட் அடித்து (பந்தைத் தூரமாக உதைத்து) எதிராளியிடம் கொடுக்காமல் முயன்று பார்த்தார், கிடைக்கவில்லை. வாஷிங்டனின் மைக்கேல் பெனிக்ஸ் இரண்டே பிளேயில் 53 யார்டு போய் ரோம் ஒடுன்சேவுக்கு டச்டவுன் போட்டுவிட்டார். எதிராளி கொடுத்த இடத்தை அந்த நிமிஷமே தண்டிப்பதுதான் டிபோரின் பாணி. முன்பு ஹெட் கோச்சாக இருந்த சூ ஃபால்ஸ் காலேஜில் 67-3, மூன்று என்ஏஐஏ (சின்ன காலேஜ்களின் சங்கம்) பட்டம். இதுவரை மொத்தம் 104-12.

இரும்புக் கிண்ணம்

ஐந்துக்கு ஐந்து சரி. அந்த ஆட்டங்களில் எறிந்த கை யாருடையது? பெனிக்ஸ் 2019லேயே இண்டியானாவில் டிபோரிடம் ஆடியவர், அவரை நம்பித்தான் வாஷிங்டன் யூனிவர்சிட்டி இருக்கும் சியாட்டிலுக்கு வந்தார். போன சீசனில் 4,903 யார்டு. அந்த மாதிரி ஒருவர் அலபாமாவின் ஊரான டஸ்கலூசாவில் காத்திருக்கவில்லை.

அடுத்தது ரெக்ரூட்டிங், அதாவது ஹைஸ்கூல் பசங்களைப் பிடித்துச் சேர்ப்பது. டிபோர் தென்கிழக்கில் ஒரு வருஷம்கூட வேலை பார்த்ததில்லை. ஜார்ஜியாவில் ஒரு ஹைஸ்கூல் கோச் எந்தப் பையனைப் பற்றி யாரிடம் முதலில் வாய்திறப்பார் என்பது காசு கொடுத்து வாங்கும் சமாச்சாரம் இல்லை.

இந்த ஊர் சரித்திரத்தையும் மறக்கவேண்டாம். அலபாமாவின் பழைய ஜாம்பவான் கோச் பேர் பிரையன்ட் 1982ல் விலகியபின் அவரிடம் ஆடிய ரே பெர்கின்ஸ் வந்தார், நாலு வருஷத்தில் கிளம்பிவிட்டார். அடுத்து வந்த பில் கரி 26-10. வேறு எங்கேயும் சிலை வைப்பார்கள். ஆனால் உள்ளூர் எதிரியான ஆபர்னிடம் 1987, 88, 89 மூன்றிலும் தோற்றார். கடைசி வருஷம் 10-2 முடித்தும் கென்டக்கிக்குப் போய்விட்டார். 1992ல் ஜீன் ஸ்டாலிங்ஸ் பட்டம் வாங்கும்வரை ஊர் ஆறவில்லை.

என் ஓட்டு சார்க்கீசியனுக்கு. 2019, 20ல் இங்கே ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர். போன செப்டம்பரில் இதே மைதானத்தில் 34-24 என்று அலபாமாவையே அடித்துவிட்டுப் போனவர்.

பைஅவுட் கணக்கர்

சார்க்கீசியன் ஏன் வரணும்? டெக்சஸ் இந்தக் கோடையில் எஸ்இசிக்குள், அதாவது அலபாமா ஆடும் லீகுக்குள், வருகிறது. இருக்கிற இடத்திலேயே அதே லீக், அதைவிடக் கனமான பை, சேபனின் நிழல் இல்லை. நானாக இருந்தால் நகரமாட்டேன்.

கிரிம்சன் ரசிகன்

சரி, டிபோர் என்றே வைத்துக்கொள்வோம். நம்ம ஜேலன் மில்ரோ ஓடுகிற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்). பெனிக்ஸ் பாக்கெட்டில் (லைன் வீரர்கள் காக்கும் வளையத்துக்குள்) நின்று எறிகிறவர். ஒத்துவருமா?

நேருக்கு நேர்

பாக்கெட்டில் நிற்க முதலில் பாக்கெட் வேண்டுமே. ரோஸ் பவுலில் மிச்சிகன் மில்ரோவை 6 தடவை சாக் செய்தது, அதாவது எறியும்முன் மடக்கியது. அதோடு லைனின் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் தரும் ஸ்னாப்பைக் கவனித்தீர்களா? பந்து மார்புக்கு வராமல் முழங்காலுக்குக் கீழே வந்துகொண்டே இருந்தது. குனிந்து பொறுக்கும் அரை விநாடியில் குவார்ட்டர்பேக்கின் பார்வை ரிசீவரை விட்டுத் தரைக்குப் போகிறது. நிமிரும்போது அந்தத் த்ரோ கைவிட்டுப்போயிருக்கும். ஓவர்டைமில் 3 யார்டு கோட்டில் நின்ற கடைசி நாலாவது டவுனிலும் ஸ்னாப் தாழ்வாகத்தான் வந்தது. அங்கேயே சீசன் முடிந்தது, 27-20.

வாஷிங்டனின் லைன் இந்த சீசனில் நாட்டின் சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கான ஜோ மூர் விருது வாங்கியது. அதன் சென்டர் பார்க்கர் பிரெய்ல்ஸ்ஃபோர்டு ரெட்ஷர்ட் ஃப்ரெஷ்மேன் (முதல் வருஷத்தைக் கணக்கில் சேராமல் விட்டுவைத்தவர்), இன்னும் மூன்று வருஷம் ஆடலாம்.

மூன்றாம் டவுன்

டிபோர் கிளம்பினால் சியாட்டிலிலும் அதே 30 நாள் விண்டோ திறக்கும். பர்ன் அந்த 1.2 கோடியைக் கணக்குப் போடும்போது இந்தப் பையனையும் சேர்த்துத்தான் போடணும்.