கோடை வாசிப்பு அட்டை: மகள் கணக்குக்காகப் புரட்டுகிறாள், மகன் அட்டையைக் கிழித்துவிட்டான்

இரண்டு_வால்களின்_அம்மா (கேள்வி)

எங்கள் பொது நூலகத்தில் கோடை விடுமுறை வாசிப்புத் திட்டம் ஆரம்பித்து 11 நாள் ஆகிறது. குடும்பத்துக்கு ஓர் அட்டை. நாலு வரிசை, வரிசைக்கு 30 கட்டம். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிக்கலாம். 10 கட்டத்துக்கு ஒரு ஸ்டிக்கர். முப்பதும் நிறைந்தால் கடைசி நாள் விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு புத்தகம் பரிசு தருவார்கள்.

மூத்தவளுக்கு 9 வயது. போன மாதம் ஒரு துப்பறியும் கதையைக் கீழே வைக்க மனசில்லாமல் குளியலறைக்குள் கொண்டுபோய் நனைத்துவிட்டு, அதற்கு அபராதமும் கட்ட வைத்தவள். அட்டை கைக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டாள். நூலகத்துக்குள் நுழைந்தவுடன் அலமாரியில் புத்தக முதுகுகளை விரலால் தடவிக்கொண்டே போகிறாள். தலைப்பைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, தடிமன் அளக்கிறாள்! 16 பக்கம், பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு வரி. அப்படியே எட்டு புத்தகம் எடுத்து வந்தாள். வீடு வந்து நான் பையை வைப்பதற்குள் ஐந்து முடிந்துவிட்டது.

நேற்று கதவோரம் நின்று பார்த்தேன். முதல் பக்கம், நடுவில் ஒன்று, கடைசிப் பக்கம், அவ்வளவுதான். மூடி வைத்துவிட்டு ஸ்கெட்ச் பேனாவை எடுக்கிறாள். “என்ன கதை?” என்று கேட்டேன். “ஒரு யானை தொலைஞ்சுபோகும், அப்புறம் கிடைச்சிடும்.” அது யானையே இல்லை, காண்டாமிருகம்.

சின்னவனுக்கு 5. இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறான். அக்கா 22 கட்டம், இவன் 3. ஞாயிற்றுக்கிழமை தன் வரிசையை மட்டும் ஸ்கேல் வைத்துக் கிழித்து, தலையணை உறைக்குள் போட்டுவிட்டான். அழவில்லை. “எனக்கு வரிசை வேணாம்” என்றான், அவ்வளவுதான்.

மகளின் கட்டங்களை அழித்து மறுபடி படிக்கச் சொல்வதா? கண்டுகொள்ளாமல் விட்டால் பொய்க்கணக்குக்கு நானும் உடந்தை. நூலகத்தில் சொல்லவோ கூச்சமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கறார்_தாத்தா

அழியுங்கள். கணக்கு என்றால் கணக்கு. இன்று காண்டாமிருகம் யானையானால் நாளை என்னென்னவோ ஆகும். எங்கள் காலத்தில் அட்டையும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை, படித்தோம்.

மூன்றாம்_அலமாரி

அழிக்காதீர்கள். 14 வருடமாக ஒரு நூலகத்தின் சிறுவர் பிரிவில் இருக்கிறேன். முதலில், கூச்சப்படாமல் கவுன்ட்டரில் சொல்லுங்கள். முதுகு தடவித் தடிமன் பார்க்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கோடையிலும் வருவார்கள். எங்களுக்கு அது புதிதே இல்லை.

உங்கள் மகள் ஏமாற்றவில்லை. விதியை அதை எழுதியவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். ஒரு புத்தகத்துக்கு ஒரு கட்டம் என்றால் 16 பக்கத்துக்கும் 200 பக்கத்துக்கும் ஒரே கூலி. கெட்டிக்காரப் பிள்ளை எதை எடுக்கும்? தப்பு அட்டையில் இருக்கிறது. இந்தத் தொல்லையால்தான் பல நூலகங்கள் புத்தகத்தை எண்ணுவதை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுகின்றன. எங்களிடம் 20 நிமிடத்துக்கு ஒரு கட்டம். தானே படித்தாலும் சரி, யாராவது படித்துக்காட்டக் கேட்டாலும் சரி, ஒலிப்புத்தகமானாலும் காமிக்ஸானாலும் சரி. இதிலும் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன்: கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஐந்து வயதும் ஒன்பது வயதும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பலாம்.

அப்புறம் அந்த 30. பிரிட்டனின் நூலகங்களில் 1999 முதல் கோடை வாசிப்புச் சவால் நடக்கிறது. 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. வழக்கமான இலக்கு எத்தனை தெரியுமா? மொத்தக் கோடைக்கும் 6 புத்தகம். ஆறு என்றால் ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கவும் நேரம் இருக்கும். முப்பது என்றால் ஓட்டம்தான்.

எண்ணிக்கையைவிட முக்கியம், யார் எடுப்பது என்பது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில் ரிச்சர்ட் அலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் இருவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். தொடர்ந்து 3 கோடைகள், கோடைக்கு 12 புத்தகம், பிள்ளைகளே பொறுக்கியவை, இலவசம். 2010இல் வந்த முடிவில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் புத்தகம் கிடைக்காதவர்களைவிடக் கூடியிருந்தது. மிக ஏழ்மையான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். பிள்ளைகள் பொறுக்கியது இலக்கியம் என்று நினைக்காதீர்கள், பாடகர்கள், திரை நட்சத்திரங்கள் பற்றிய புத்தகங்களுக்குத்தான் பெரிய கிராக்கி. ஆகவே மெலிந்த புத்தகங்களை ஒளித்துவைத்துவிட்டுத் ‘தரமானதை’ நீட்டாதீர்கள். அடுத்த முறை போகும்போது அவள் கையில் அட்டையைக் கொடுக்காதீர்கள், அதுபோதும். விரல் தானாக நிற்கும் இடம் மாறும்.

சின்னவனுக்கு: துண்டை எடுத்துவந்து ஒட்டுங்கள். தினம் 20 நிமிடம் அக்கா அவனுக்குப் படித்துக்காட்டட்டும், ஆளுக்கு ஒரு கட்டம். சால்ட் லேக் சிட்டியில் 1999இல் பிள்ளைகள் பயிற்சி பெற்ற நாய்களுக்குப் படித்துக்காட்டும் ஏற்பாடு ஒன்று தொடங்கி, பல நூலகங்களுக்குப் பரவியது. வேடிக்கையாக இருக்கும். ஆனால் நாய் “தப்பு, மறுபடி படி” என்று சொல்லாது. திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய நிம்மதி. தம்பியும் உச்சரிப்பைத் திருத்த மாட்டான். காண்டாமிருகத்தை யானை என்றால் மட்டும் விடமாட்டான்.

ஒரு சந்தேகம். அட்டையில் நாலு வரிசை என்றீர்கள். பிள்ளைகள் இரண்டு பேர். மற்ற இரண்டு?

பாதி_படித்தவன்

எனக்குப் பரிசின் மேல்தான் சந்தேகம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் நடத்திய சோதனை: மார்க்கர் பேனாவால் வரைய ஆசைப்படும் சின்னப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தந்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் தந்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால், முன்கூட்டிச் சொல்லப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. உங்கள் மகள் விஷயமும் இதுதான். குளியலறை வரைக்கும் புத்தகத்தோடு போனவளுக்கு எதற்கு ஸ்டிக்கர்?

நானும் இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு கோடை முழுக்க என் பையனை எந்தத் திட்டத்திலும் சேர்க்கவில்லை. ஒரு நாள் அவன் கேட்டான்: “அப்பா, பக்கத்து வீட்டுப் பையனுக்குப் படிச்சா ஸ்டிக்கர். எனக்குப் படிச்சா என்ன?” என்னிடம் பதில் இல்லை. மறுவருஷம் சேர்த்துவிட்டேன்.

மூன்றாம்_அலமாரி

அந்தச் சோதனையை நானும் எங்கள் கூட்டங்களில் சொல்வேன். ஆனால் அதில் எடுத்துக்கொண்டது ஏற்கெனவே வரைய ஆசை இருந்த பிள்ளைகளை, அதை மறந்துவிடக் கூடாது. வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளை அந்த ஸ்டிக்கருக்காகத்தான் முதல் தடவை எங்கள் கதவைத் தள்ளுகிறது. அதன் முகத்தை நேரில் பார்க்கிறவளுக்குப் பரிசை நிறுத்தக் கை வராது. பெரிய பரிசு, மேடை, இதெல்லாம் வேண்டாம் என்பதில் உங்கள் கட்சிதான். 14 வருடத்தில் மேடையில் அழுத பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டு_வால்களின்_அம்மா (6 நாள் கழித்து)

சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு வரிசை எனக்கும் என் கணவருக்கும். இரண்டும் காலி. ஒரு புள்ளி மை இல்லை. மூன்றாம்_அலமாரி கேட்டபிறகுதான் அந்த வரிசைகள் காலியாக இருப்பதே கண்ணில் பட்டது. இத்தனைக்கும் அது ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது, ஒரு நாளைக்கு இருபது தடவை திறக்கிறேன்.

நூலகத்தில் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். மகளின் 22ஐ அழிக்கவில்லை. அதற்கு அடுத்து சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, “இதுக்கு அப்புறம் நிமிஷக் கணக்கு, சரியா?” என்று அவளிடமே கேட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மெதுவாப் படிச்சா நிறைய கட்டமா?” என்று கேட்டாள். புத்தி அங்கேதான் போகிறது. ஆமாம் என்றார். உடனே தடிமனான புத்தகங்கள் பக்கம் போனாள்!

சின்னவனின் துண்டை டேப் போட்டு ஒட்டியாயிற்று, கொஞ்சம் கோணல். ராத்திரி அக்கா படிக்கிறாள், அவன் அவள் முழங்கால்மேல் காலைப் போட்டுக்கொண்டு கேட்கிறான். முதல் நாளே பழைய காண்டாமிருகப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னான். ஒவ்வொரு பக்கமும் படிக்கவைத்தான். காண்டாமிருகம் தொலையவே இல்லையாம், ஒளிந்துதான் இருந்ததாம்.

நான் ஒரு நாவல் எடுத்தேன். மூன்று நாளில் 40 பக்கம். நாலாவது நாள் பிடிக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கட்டம் உண்டா இல்லையா என்று வீட்டில் பெரிய விசாரணை. படித்த நேரத்தைக் கணக்கு போட்டால் கடைசிக் கட்டம் பாதியில் நிற்கிறது. மகள் ஸ்கேல் வைத்து அந்தக் கட்டத்தைக் குறுக்கே பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பச்சை அடித்தாள். மறு பாதி நாளைக்காம்.

மூன்றாம்_அலமாரி, அரைக் கட்டத்துக்கு உங்கள் நூலகத்தில் அனுமதி உண்டா?

மூன்றாம்_அலமாரி

இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கள் அட்டையிலும் எனக்கென்று ஒரு வரிசை இருக்கிறது, போன வாரம் பாதியில் வைத்துவிட்ட ஒரு புத்தகமும் இருக்கிறது. இன்று குறுக்கே ஒரு கோடு போடப்போகிறேன்.