35 நாள் சுழற்சி, 21-ம் நாள் புரொஜெஸ்டிரோன் 0.8: முட்டை வெடிக்கவில்லையா?

தென்றல்87:
வயது 29. பீரியட்ஸ் 33 முதல் 36 நாளுக்கு ஒருமுறை வரும். 11-ம் நாளிலிருந்து 16-ம் நாள் வரை காலை முதல் சிறுநீரில் எல்ஹெச் (முட்டையை வெளியேறத் தூண்டும் ஹார்மோன்) ஸ்ட்ரிப் போட்டேன், இரண்டாவது கோடு மங்கலாகத்தான் வந்தது. 21-ம் நாள் ரத்தப் பரிசோதனையில் புரொஜெஸ்டிரோன் 0.8. முட்டை வெடிக்கவே இல்லையா? எந்த நாட்களில் சேரணும்?

ஆய்வகமேசை:
இந்த ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. புரொஜெஸ்டிரோன் முட்டை வெளியேறிய பிறகுதான் நன்றாக ஏறும் ஹார்மோன்; நீங்க எடுத்த நாள்தான் தப்பு. 21-ம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. முட்டை வெளியேறிய பிறகு அடுத்த பீரியட்ஸ் வர ஏறக்குறைய 14 நாள் ஆகும். சுழற்சி நீளும்போது நீள்வது பெரும்பாலும் அதற்கு முந்தைய பாதிதான். உங்களுக்கு 19 முதல் 22-ம் நாளுக்குள் வெடிக்க வாய்ப்பு. அதற்கு முன் ரத்தம் கொடுத்தால் 0.8 வருவது இயல்பு. அடுத்த பீரியட்ஸுக்கு 7 நாள் முன்னால், அதாவது 26 முதல் 29-ம் நாளுக்குள் எடுங்க. ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியிருக்கிறது.

இன்னொன்று, முதல் நாள் என்பது உதிரம் நன்றாகப் பட ஆரம்பித்த நாள். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். அங்கேயே மூன்று நாள் பிசகிவிடும்.

வெண்தாமரை:
ஸ்ட்ரிப்பையும் சீக்கிரமே நிறுத்திட்டீங்க. இருப்பதிலேயே குறுகிய சுழற்சியில் 17-ஐக் கழிச்சுப் பாருங்க: 33 - 17 = 16. நீங்க நிறுத்தின அன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கணும். காலை முதல் சிறுநீர் வேண்டாம்; எல்ஹெச் பலருக்கு விடியற்காலையில் ஏறி, சிறுநீரில் தெரிய நேரமாகும். மதியம் 12-க்கு மேல் ஒன்று, இரவு 8-க்குள் ஒன்று. அதற்கு முன் 2 மணி நேரம் தண்ணீர், மோர் எல்லாம் குறைங்க, இல்லன்னா நீர்த்துப்போய் கோடு வெளுத்துடும். ஸ்ட்ரிப்பில் MAX என்று போட்டிருக்கிற கோட்டைத் தாண்டி முக்காதீங்க. உறையில் போட்டிருக்கிற நேரத்துக்குள் பாருங்க. காய்ந்த ஸ்ட்ரிப்பை அப்புறம் எடுத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கர்ப்பப் பரிசோதனை கார்டில் மங்கல் கோடும் பாசிட்டிவ்தான். இதில் அப்படியில்லை: இரண்டாவது கோடு கண்ட்ரோல் கோட்டுக்கு (எப்பவும் வரும் கோடு) சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ வந்தால்தான் கணக்கு. அதிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும்.

தென்றல்87:
அப்போ பாசிட்டிவ் வந்த பிறகு சேர்ந்தால் போதுமா?

ஆய்வகமேசை:
காத்திருக்காதீங்க. முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணு உள்ளே 5 நாள் வரை தாங்கும். ஆள் முன்னாடியே போய்க் காத்திருப்பதுதான் நல்லது. 1995-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், முட்டை வெளியேறுவதற்கு 5 நாள் முன் சேர்ந்தவர்களுக்கு வாய்ப்பு சுமார் 10 சதவீதம், வெளியேறிய நாளில் சுமார் 33 சதவீதம். மறுநாளிலிருந்து கரு தங்கவே இல்லை. 15-ம் நாளிலிருந்து 22 வரை ஒன்றுவிட்ட நாள் போதும். வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு போல் வழவழப்பாக நூல் இழுத்தால் அந்த நாளை விட்டுடாதீங்க. இடுப்புக்குக் கீழே தலையணை வைப்பதெல்லாம் தேவையே இல்லை.

வெண்தாமரை:
பிசிஓடி (சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள்) இருந்தால் எல்ஹெச் எப்பவுமே தூக்கலாக இருக்கலாம். வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டினால் ஸ்ட்ரிப்பை விட்டுட்டு முட்டைப்பை வளர்வதைப் பார்க்கும் ஃபோலிக்குலர் ஸ்கேனுக்குப் போங்க. அதில் முட்டைப்பை 18 மில்லிமீட்டர் தாண்டினால் முதிர்ந்ததுன்னு கணக்கு. வெடிக்க எச்சிஜி ஊசி போட்டால் அடுத்த இரண்டு வாரம் கர்ப்பக் கார்டை நம்பாதீங்க; கார்டு தேடுவதும் அதே எச்சிஜி ஹார்மோனைத்தான், ஊசி மருந்தே இரண்டு கோடு காட்டிடும்.

35 வயதுக்குள் ஒரு வருஷம் முயற்சி செய்யலாம், 35-ஐத் தாண்டினால் ஆறு மாதம். டாக்டரிடம் போகும்போது கணவருக்கும் விந்துப் பரிசோதனை சேர்த்தே எடுங்க; 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கணும். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் இப்பவே ஆரம்பிக்கலாம்.