கார்டு (பல சுரங்கள் ஒன்றாக) விழும்போது கிக் டிரம் மட்டும் தள்ளிப்போகிறதே, என்ன வழி?

தாளப்பிரியன்: பழைய சவுண்ட் மாட்யூல் (கீபோர்டு இல்லாத, ஒலி எழுப்பும் பெட்டி) ஒன்று வைத்திருக்கிறேன். டிரம்ஸ், ஸ்ட்ரிங்ஸ் இரண்டையும் கணினியிலிருந்து ஒரே மிடி கேபிளில் (எந்த நோட், எப்போது என்ற கட்டளைகள் போகும் கேபிள்) அனுப்பி ரெக்கார்ட் செய்கிறேன். எட்டு நோட் கார்டு வரும் பீட்டில் மட்டும் கிக் பிந்துகிறது. கணினியின் ஆடியோ பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 64 சாம்பிளுக்கு இறக்கியும் பயனில்லை.

ஒலிப்பெட்டி: கணினியையும் மாட்யூலையும் இணைக்கும் இன்டர்ஃபேஸ் பழையதாக இருக்கும். நல்லதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

கம்பிவடம்: எதை வாங்கினாலும் அந்தக் கேபிள் 1983இல் வகுத்த வேகத்தில்தான் ஓடும்: நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது 0.32 மில்லிசெகண்ட். ஒரு நோட்டுக்கு மூன்று பைட். எட்டு நோட்டும் போன பிறகுதான் கிக்குக்கு வழி. கிட்டத்தட்ட 8 மில்லிசெகண்ட் போய்விடும்.

ஒலிப்பெட்டி: ரன்னிங் ஸ்டேட்டஸை (ஒரே வகைக் கட்டளை தொடர்ந்தால் அதன் முதல் பைட்டைத் திரும்ப அனுப்பாத முறை) மறந்துவிட்டீர்களே. ஒரே சேனல் என்றால் இரண்டாவது நோட்டிலிருந்து இரண்டு பைட்தான். மொத்தம் 17 பைட், 5.4 மில்லிசெகண்ட். ஸ்பீக்கரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலே அவ்வளவு தாமதம் வரும். அது யார் காதில் விழப்போகிறது?

கம்பிவடம்: 17 பைட், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பீக்கர் எல்லா டிரம் அடியையும் ஒரே அளவு தள்ளும், கை பழகிவிடும். இங்கே ஒரு அடி தள்ளுகிறது, அடுத்தது தள்ளவில்லை. தாமதம் வேறு, தடுமாற்றம் வேறு. தம்பி, கிக்கைத் தனியாக ஒருமுறை ரெக்கார்ட் செய்து வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தாளப்பிரியன்: பார்த்தேன் அண்ணா. தனியாக விட்டால் எல்லா கிக்கும் கிரிட்டிலிருந்து (திரையில் பீட்டைக் காட்டும் கோடு) சீராக 6 மில்லிசெகண்ட் பின்னால். கார்டோடு சேர்த்தால் அந்த இடங்களில் 11, 12. அப்புறம் இன்னொன்று: ஸ்ட்ரிங்ஸ் ட்ராக் முழுக்க நான் கேட்காத ஆஃப்டர்டச் (கீயை அழுத்திப் பிடிக்கும் அழுத்தம்) தகவல் குவிந்து கிடக்கிறது!

கம்பிவடம்: அதை முதலில் அழியுங்கள், சும்மா கேபிளை அடைக்கிறது. பிறகு ஸ்ட்ரிங்ஸை 20 டிக் பின்னால் தள்ளுங்கள். 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 பீட்), பீட்டுக்கு 960 டிக் என்றால் அது 10 மில்லிசெகண்ட். மெதுவாக எழும் ஒலிதானே, தெரியாது. கிக் முந்திக்கொள்ளும்.

ஒலிப்பெட்டி: எதற்கு இந்த ஒட்டுவேலை? டிரம்ஸை ஒரு தடவை, ஸ்ட்ரிங்ஸை ஒரு தடவை என்று தனித்தனியாக ஆடியோவில் எடுத்தால் கேபிளில் நெரிசலே இல்லையே.

கம்பிவடம்: அதுதான் சுத்தமான வழி. முதல் பதிலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே, இன்டர்ஃபேஸ் வாங்கச் சொல்வதற்குப் பதிலாக!

தாளப்பிரியன்: தனித்தனியாகவே எடுத்துவிட்டேன். மிச்சமிருந்த 6ஐ, ட்ராக்கை முன்னால் இழுத்துச் சரிசெய்தாயிற்று.